அடி விழாவிட்டால் என்ன? வெஸ்நாத் ஆட்டக்காரர் ஒருவரின் மூன்று ஆட்டங்கள்: நிகழ்வு ஆய்வு

பெரம்பூரில் ஒரு மொட்டை மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஏழு பேர் கூடி, முறை வைத்து ஆடும் வியூக விளையாட்டுகளை ஆடுகிறோம். அட்டவணை போடுவதும், ஆட்டம் முடிந்ததும் ரிப்ளேயை (ஆட்டத்தின் பதிவை) ஓட்டிப் பார்ப்பதும் என் வேலை. இந்தக் குறிப்பு எங்களில் ஒருவர் ஆடிய மூன்று ஆட்டங்களைப் பற்றியது. பெயர் வேண்டாம் என்பதால் அவரை ‘மாணவர்’ என்றும், அவருடன் ஆடியவரைக் ‘கடைக்காரர்’ என்றும் எழுதுகிறேன். இருவரும் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே இது வெளிவருகிறது.

பின்னணி

நாங்கள் ஆடுவது ‘தி பேட்டில் ஃபார் வெஸ்நாத்’. டேவிட் ஒயிட் என்பவர் 2003-இல் தொடங்கிய திறந்த மூல விளையாட்டு இது. காசு கிடையாது, பழைய கணினியிலும் ஓடும். எங்களில் ஒருவர் இன்னமும் பள்ளியில் வாங்கிய அரசு லேப்டாப்பில்தான் ஆடுகிறார். அறுகோணக் கட்டங்களில் படைகளை நகர்த்த வேண்டும், கிராமங்களைப் பிடிக்க வேண்டும், எதிரியின் தலைவனை வீழ்த்த வேண்டும். விதிகளை ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம்.

சிக்கல் எல்லாம் அடியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு அடியும் படுமா படாதா என்பதைத் தற்செயல் தீர்மானிக்கிறது. மனிதப் படைவீரன் வெட்டவெளியில் நின்றால் அவன்மேல் ஒரு அடி பட 60 சதவீதம் வாய்ப்பு. கிராமத்துக்குள்ளோ கோட்டைக்குள்ளோ நின்றால் 40 தான். மேஜ் எனப்படும் மந்திரவாதி மட்டும் விதிவிலக்கு. எதிரி எங்கே நின்றாலும் அவருடைய மந்திரம் பட 70 சதவீதம் வாய்ப்பு உண்டு. இதோடு பகல் இரவும் சேர்ந்துகொள்ளும். விடியல், இரண்டு பகல், அந்தி, இரண்டு இரவு என்று ஆறு முறைக்கு (முறை என்றால் இருவரும் ஒரு தடவை ஆடி முடிப்பது) ஒரு சுற்று. லாயலிஸ்ட் எனப்படும் மனிதர் படைக்குப் பகலில் 25 சதவீதம் பலம் கூடும், இரவில் அதே அளவு குறையும். செத்து எழுந்தவர்களின் அன்டெட் படைக்கு இது அப்படியே தலைகீழ்.

மாணவருக்கு வயது 19, பொறியியல் படிக்கிறார். ஏழு வயதிலிருந்து செஸ் ஆடியவர். 2022-இல் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, கறுப்பு வெள்ளைக் கட்டம் பூசிய நேப்பியர் பாலத்தின் முன் நின்று எடுத்த படம்தான் இன்றும் அவருடைய போன் முகப்பில் இருக்கிறது. கடைக்காரருக்கு வயது 41. புதுப்பேட்டையில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். கணக்குப் போட்டு ஆடுகிறவர் போலவே தெரியாது. ஆனால் எங்கள் குழுவில் அவரிடம் அதிகம் தோற்றவன் நான்தான்.

மாணவர் எங்களோடு சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் கணினியோடு ஆடும்போது கடினமான நிலையில்கூட ஜெயிப்பார். எங்களோடு ஆடினால் ஒன்பது ஆட்டத்தில் ஏழு தோல்வி. ஒவ்வொரு தோல்விக்கும் அவர் சொன்ன காரணம் ஒன்றே: லக் இல்லை. ஏழாவது தோல்விக்குப் பிறகு, இனிமேல் வரவில்லை என்று குழுவில் செய்தி போட்டார். அந்த ஏழாவது தோல்விதான் இங்கே முதல் ஆட்டம்.

முதல் ஆட்டம்: ஒன்பதாவது முறை

மாணவர் லாயலிஸ்ட், கடைக்காரர் அன்டெட். ஆட்டம் விடியலில் தொடங்கியது. எட்டு முறை முடிந்தபோது மாணவர் கையில் ஒன்பது கிராமங்கள், கடைக்காரரிடம் ஏழு. படை எண்ணிக்கையிலும் மாணவருக்கு ஒன்று கூடுதல். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மாணவர் இதைக் கவனிக்கவில்லை.

ஒன்பதாவது முறை, பிற்பகல். அடுத்தது அந்தி, அதற்கப்புறம் இரண்டு இரவு. கடைக்காரரின் தலைவன் ஒரு டார்க் சார்சரர் (சூனியக்காரன்). முந்தைய சண்டையில் அடிபட்டு 14 ஹெச்பியோடு (உயிர்ப் புள்ளியோடு) நின்றான். அவனுக்கும் மாணவரின் படைக்கும் நடுவே ஒரு குறுகிய வழி. அந்த வழியின் வாயில் 16 ஹெச்பியோடு ஒரு ஸ்கெலிட்டன் (எலும்புக்கூடு வீரன்), அதற்குப் பின்னால் 12 ஹெச்பியோடு ஒரு டார்க் அடெப்ட் (சின்னச் சூனியக்காரன்), அதை ஒட்டித் தலைவன்.

மாணவரின் திட்டம் இது. முதல் மேஜ் ஸ்கெலிட்டனை அடித்து வழியைத் திறப்பார். மேஜின் மந்திரம் நெருப்பு, அது ஸ்கெலிட்டனுக்கு ஆகாது, அதனால் அவர் போடும் மூன்று அடியில் இரண்டு பட்டால் போதும். கேவல்ரி (குதிரை வீரன்) அந்த இடத்துக்குள் புகுந்து அடெப்டை வெட்டும். அதற்கும் மூன்றில் இரண்டு பட வேண்டும். அப்புறம் இரண்டாவது மேஜ் அடெப்ட் நின்ற கட்டத்துக்குப் போய்த் தலைவனை அடிப்பார். மறுபடியும் மூன்றில் இரண்டு. ஆட்டம் முடிந்தது.

பார்க்க அழகான திட்டம்தான். செஸ் ஆடியவர் கண்ணுக்கு அது மூன்று நகர்த்தலில் மேட்.

முதல் மேஜ் இரண்டு அடி போட்டார், ஸ்கெலிட்டன் விழுந்தது. கேவல்ரி உள்ளே போனது. மூன்று வெட்டில் ஒன்றுதான் பட்டது. அடெப்ட் 5 ஹெச்பியோடு உயிரோடு நின்றது.

இந்த இடத்தில் மாணவர் ஏறக்குறைய இருபது விநாடி எதுவும் செய்யவில்லை. பிறகு இரண்டாவது மேஜை வழிக்குப் பக்கத்தில் இருந்த ஆழமில்லாத தண்ணீருக்குள் இறக்கி, அடெப்டை அடித்துக் கொன்றார். 5 ஹெச்பிதான், ஒரு அடி பட்டால் போதும். மூன்றும் தவற 2.7 சதவீதம்தான் வாய்ப்பு. எதிர்பார்த்தபடியே அடெப்ட் செத்தது. ஆனால் தலைவனை அடிக்க இனி ஆள் இல்லை. மேஜ் நிற்பது தண்ணீரில், அங்கே அவர்மேல் ஒவ்வொரு சாதாரண அடியும் பட 80 சதவீதம் வாய்ப்பு. மாணவரின் தலைவனோ இரண்டு முறைக்கு முன்பே கோட்டையை விட்டு முன்னால் வந்துவிட்டான், ஆகவே புதுப்படை எடுக்கவும் வழியில்லை.

அந்தியும் இரவும் வந்தன. தண்ணீரில் நின்ற மேஜ் முதலில் போனார், அடுத்து கேவல்ரி, அதற்கடுத்து முதல் மேஜ். பதின்மூன்றாவது முறையில் மாணவர் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். “மூணுமே நல்ல சான்ஸ்தானே அண்ணா, எனக்கு மட்டும் ஏன் இப்படி?” என்றார். கடைக்காரர் பதில் சொல்லாமல் டீ வாங்கக் கீழே போனார்.

ரிப்ளேயில் பார்த்தது

மாணவர் வரமாட்டேன் என்று சொன்ன மறுநாள் கடைக்காரரும் நானும் அந்த ஆட்டத்தை மறுபடி ஓட்டினோம்.

முதலில் லக் என்ற புகாரைச் சோதித்தோம். ஒவ்வொருவரும் போட்ட சேதம் எவ்வளவு, வாய்ப்புக் கணக்குப்படி போட்டிருக்க வேண்டியது எவ்வளவு என்று வெஸ்நாத்தின் புள்ளிவிவரப் பக்கம் காட்டும். மாணவர் அந்த ஆட்டத்தில் போட்ட சேதம் எதிர்பார்ப்பை விட 4 சதவீதம் அதிகம். அதாவது லக் அவர் பக்கம்தான் இருந்திருக்கிறது. தவறிய இரண்டு வெட்டு மட்டும் நினைவில் நின்றுவிட்டது.

அடுத்து திட்டத்தைக் கணக்குப் போட்டோம். மேஜ் மூன்றில் குறைந்தது இரண்டு அடிக்க வாய்ப்பு 78.4 சதவீதம். கேவல்ரி வெட்டவெளியில் மூன்றில் இரண்டு அடிக்க 64.8. இரண்டாவது மேஜுக்கு மறுபடி 78.4. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் நல்ல வாய்ப்புதான், மாணவர் சொன்னது பொய்யில்லை. மூன்றையும் பெருக்கினால் வருவது 40 சதவீதம். பத்துத் தடவை ஆடினால் ஆறு தடவை தோற்கும் திட்டத்தை, கிட்டத்தட்ட நிச்சயம் என்று அவர் எண்ணியிருக்கிறார்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் பட்டது வேறொன்று. அதே முறையின் தொடக்கத்தில் அவர் ஒரு ஸ்பியர்மேனை (ஈட்டி வீரனை) இடப்பக்கம் ஒரு கிராமத்தைப் பிடிக்க அனுப்பியிருந்தார். எல்லாக் காய்களையும் முதலில் நகர்த்திவிட்டு அப்புறம்தான் அடிக்கத் தொடங்கினார். எல்லா முறையிலும் அவர் செய்வது இதுதான். அந்த ஸ்பியர்மேன் பின்னால் நின்றிருந்தால், கேவல்ரி தவறியதும் தண்ணீருக்குள் இறங்கி அடெப்டை அடித்திருக்கலாம். டார்க் அடெப்டுக்கு நெருங்கி நின்று அடிக்கும் ஆயுதமே கிடையாது, திருப்பி அடிக்காது. கேவல்ரி ஒன்று அடித்து 5 ஹெச்பி மீதியிருந்தால் ஸ்பியர்மேன் முடித்துவைக்க 93.6 சதவீதம், ஒன்றும் படாமல் 12 மீதியிருந்தால் 64.8. இரண்டையும் சேர்த்தால் அடெப்ட் சாக மொத்த வாய்ப்பு 96 சதவீதம். ஒரே ஒரு ஸ்பியர்மேனை நகர்த்தாமல் வைத்திருந்தால் 65 என்பது 96 ஆகியிருக்கும், முழுத் திட்டமும் 40-லிருந்து 59-க்கு ஏறியிருக்கும். கிராமம் எங்கேயும் ஓடிப்போகாது; அடியின் முடிவைப் பார்த்துவிட்டு அனுப்பியிருக்கலாம்.

தண்ணீருக்குள் மேஜை இறக்கியதைப் பற்றி எங்களுக்குள் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. 97 சதவீத அடியைத் தவறு என்று எப்படிச் சொல்வது என்றேன் நான். கடைக்காரர் கணக்கைத் தன் கடை பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். படை எடுக்க ஆகும் விலைப்படி ஸ்கெலிட்டன் 15 கோல்டு, அடெப்ட் 16. மாணவருக்குக் கிடைத்தது 31. போனது இரண்டு மேஜும் ஒரு கேவல்ரியும்: 20, 20, 17; ஆக 57. அடி படுமா என்ற கேள்விக்கு விடை சரியாக இருந்தது, கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. பட்ட பிறகு மேஜ் எங்கே நிற்பார் என்பதுதான் கேள்வி. நான் ஒப்புக்கொண்டேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார், அது எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்பதாவது முறையில் மாணவர்தான் முன்னணியில் இருந்தார். கிராமம் அதிகம், வருமானம் அதிகம். கோட்டையை ஒட்டிப் பின்வாங்கி இரண்டு இரவைக் கடத்தியிருந்தால் மறுநாள் விடியலில் இன்னும் பலத்தோடு வந்திருக்கலாம். பின்தங்கி இருப்பவன் 40 சதவீதத்தில் எல்லாவற்றையும் வைத்தால் அர்த்தம் உண்டு, அவனுக்கு வேறு வழி இல்லை. முன்னால் இருப்பவனுக்கு அந்தச் சூதாட்டம் எதற்கு?

ஏன் இப்படி ஆடினார்

மாணவரைத் திரும்ப அழைத்து வர இரண்டு வாரம் ஆனது. வீட்டில் எப்படிப் பயிற்சி செய்கிறீர்கள் என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அடி தவறினால் உடனே ரீலோட், அதாவது சேமித்து வைத்த இடத்திலிருந்து மறுபடி ஆடுவது. வேண்டியது விழும் வரை ரீலோட். தவறு என்று அவர் அதை நினைத்ததே இல்லை; செஸ் பயிற்சியில் ஒரு வரிசை தோற்றால் காயைப் பின்னால் வைத்து மறுபடி பார்ப்பதில்லையா, அதுபோல என்றார்.

இதன் விளைவு மெதுவாகத்தான் எனக்குப் புரிந்தது. வீட்டில் நூற்றுக்கணக்கான முறை ஆடியும், அடி தவறிய பிறகு என்ன செய்வது என்பதை அவர் ஒரு தடவைகூட ஆடியதில்லை. தவறிய அந்த உலகத்தை ஒவ்வொரு முறையும் அழித்துவிட்டிருக்கிறார். எங்களோடு ஆடும்போதுதான் முதல்முறையாக அதற்குள் நிற்கிறார். அந்த இருபது விநாடி அசையாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் என்று நான் நினைத்திருந்தேன். பழக்கமில்லாத இடம் என்பதுதான் காரணம்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். பள்ளி நாட்களில் அவர் போனில் எமுலேட்டர் (பழைய விளையாட்டுக் கருவி போல இயங்கும் செயலி) போட்டு, கேம்பாய் அட்வான்ஸ் என்ற கைக்கருவியின் ஃபயர் எம்பளம் ஆட்டங்களை ஆடியிருக்கிறார். அந்த ஆட்டங்கள் திரையில் காட்டும் சதவீதம் உண்மையான சதவீதம் அல்ல. ஒரு எண்ணுக்குப் பதில் இரண்டு தற்செயல் எண்களை எடுத்து, அவற்றின் சராசரியைத் திரையில் காட்டிய எண்ணோடு ஒப்பிடும்; சராசரி அதைவிடக் குறைவாக இருந்தால் அடி படும். அதனால் 75 என்று காட்டினால் உண்மையில் 87-க்கு மேல் படும். ஆட்டக்காரர் மனம் நோகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. வெஸ்நாத் அப்படிச் செய்வதில்லை. 60 என்றால் 60. ‘எழுபதுக்கு மேல் என்றால் பட்டுவிடும்’ என்ற அவருடைய நம்பிக்கை வேறொரு ஆட்டத்திலிருந்து வந்தது. அங்கே அது உண்மையும்கூட.

அவரைப் பார்க்கப் போன அன்று அவர் வீட்டில் கரண்ட் போனது. பாட்டி தாயக்கட்டையை எடுத்தார், நால்வரும் உட்கார்ந்தோம். எனக்கு எட்டு உருட்டு வரை தாயம் விழவில்லை, ஒரு காய்கூட இறக்க முடியவில்லை. (இரண்டு கட்டையில் தாயம் விழ வாய்ப்பு பதினாறில் இரண்டு. எட்டு உருட்டிலும் விழாமல் போக ஏறக்குறைய 34 சதவீதம். ஆகவே எனக்கும் புலம்ப உரிமையில்லை.) நான் கவனித்தது மாணவரை. மலைக் கட்டத்தில் ஒரு காயைப் பத்திரமாக உட்காரவைத்துவிட்டு இன்னொன்றை நகர்த்தினார். பாட்டியின் காய்க்கு ஐந்து கட்டம் முன்னால் தன் காய் நிற்காதபடி பார்த்துக்கொண்டார். விழ வேண்டியது விழாதபோது கட்டையைத் திட்டினாரே தவிர, அடுத்து எதை நகர்த்துவது என்று ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. பகடையோடு வாழ அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. திரையில் சதவீதமாக வந்து நின்றபோதுதான் அது பகடை என்பது மறந்துபோயிருக்கிறது. கட்டை கையில் உருளும்போது அதை மறக்க முடியாதே.

என்ன முடிவு செய்தோம்

வெஸ்நாத்தின் புதிய பதிப்புகளில் தற்செயலின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டு ஆடலாமா என்ற யோசனை வந்தது. மாணவரே வேண்டாம் என்றார். எல்லோரும் ஆடுவது போலத்தான் ஆட வேண்டும் என்பது அவர் எண்ணம். நானும் ஒத்துக்கொண்டேன், காரணம் வேறு: ஏற்ற இறக்கத்தைக் குறைத்தால் பிரச்சினை மறையும், பழக்கம் அப்படியே இருக்கும்.

மூன்று விஷயங்கள் முடிவாயின. வீட்டில் நான்கு வாரத்துக்கு ரீலோட் கிடையாது. காய் நகர்த்தும் வரிசை மாறும்: எந்த அடியின் முடிவை மற்றவை நம்பியிருக்கின்றனவோ அது முதலில், மற்ற காய்கள் முடிவு தெரியும் வரை நின்ற இடத்தில். மூன்றாவது ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு முக்கியமான அடிக்கும் முன் ‘விழாவிட்டால்’ என்று எழுதி, எதிரே ஒரு வரி எழுத வேண்டும். அடித்த பிறகு எழுதக் கூடாது. திகைப்பில் எடுத்த முடிவைத்தான் நாங்கள் முதல் ஆட்டத்தில் பார்த்தோம். அந்த முடிவைத் திகைப்பு வருவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்வது நோக்கம்.

மூன்றாவது கடைக்காரர் சொன்னது. கடைக்குச் சரக்கு வராத நாளில் எந்த வாடிக்கையாளருக்கு முதலில் போன் போடுவது என்று அவர் முந்தின நாளே எழுதி வைத்துக்கொள்வாராம். இதைப் பெரிய தத்துவமாக அவர் சொல்லவில்லை, காலையில் தலைவலி குறையும் என்றார்.

அடிக்கும் முன் வரும் பெட்டியில் சேதக் கணக்கு என்றொரு பொத்தான் உண்டு. சண்டை முடிவில் எத்தனை ஹெச்பி மிஞ்ச எவ்வளவு வாய்ப்பு என்று வரிசையாகக் காட்டும். மாணவர் அதில் எதிரி சாகும் வரியை மட்டும் பார்ப்பார். மற்ற வரிகளையும் படிக்கச் சொன்னேன்.

இரண்டாவது ஆட்டம்

நவம்பர் மாத ஞாயிறு. நல்ல மழை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றதால் இரண்டு பேர் வரவில்லை. அதே வரைபடம், அதே படைகள்.

மாணவர் தோற்றார். ஆனால் இருபத்திரண்டாவது முறையில்தான் தோற்றார். இழந்த படையும் வீழ்த்திய படையும் ஏறக்குறைய சமம். சிக்கல் மறுபக்கம் சாய்ந்துவிட்டது: ஒவ்வொரு அடிக்கும் இரண்டு காய்களைப் பின்னால் நிறுத்தி வைத்தார். நிறுத்தி வைத்த காய்கள் கிராமம் பிடிக்கவில்லை. பன்னிரண்டாவது முறையிலேயே கடைக்காரருக்கு வருமானம் கூடிவிட்டது, அப்புறம் எல்லாம் மெதுவாக நெரித்ததுதான். நோட்டுப் புத்தகத்தில் சாதாரண அடிக்கெல்லாம்கூட ‘விழாவிட்டால்’ எழுதியிருந்தார். ஆட்டம் நான்கரை மணி நேரம் இழுத்தது, அடுத்த ஜோடி ஆடவே முடியவில்லை. அவர்கள் என்னிடம் சண்டை போட்டார்கள், நியாயம்தான்.

“தம்பி, எல்லாத்துக்கும் பயந்தா கடையே திறக்க முடியாது” என்றார் கடைக்காரர். புத்தகத்தில் எழுதுவது ஒரு முறைக்கு ஒரு அடிக்கு மட்டும், அதுவும் மற்றவை நம்பியிருக்கும் அடிக்கு மட்டும் என்று மாற்றினோம்.

ரீலோட் தடையும் சரியாகப் போகவில்லை. இரண்டு வாரத்தில் மாணவர் வீட்டில் ஆடுவதையே நிறுத்திவிட்டார். ஒரு அடி தவறியதும் ஒரு மணி நேர ஆட்டம் வீணாகிறது என்ற எரிச்சல். அவரிடம் நான் இதை முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

மூன்றாவது ஆட்டம்

மூன்று வாரம் கழித்து. எட்டாவது முறை, காலை. மாணவர் முந்தைய இரவில் அடிபட்டிருந்த ஒரு ஸ்கெலிட்டனை மேஜால் அடித்து, திறக்கும் வழியில் கேவல்ரியை அனுப்பத் திட்டமிட்டிருந்தார். நோட்டில் எழுதியிருந்தது: “இரண்டு படாவிட்டால் கேவல்ரி போகாது. ஹெவி இன்ஃபன்ட்ரி அடிக்கும். கேவல்ரி வலப்பக்கக் கிராமத்துக்கு.”

மேஜின் மூன்று அடியும் தவறின. 2.7 சதவீதம்.

அறையில் எல்லோரும் மாணவரைப் பார்த்தோம். அவர் நோட்டைப் பார்த்தார். ஹெவி இன்ஃபன்ட்ரியை (கனத்த கவசம் போட்ட வீரனை) அனுப்பி ஸ்கெலிட்டனை அடித்தார். அது சாகவில்லை, ஆனால் பாதிக்கு மேல் குறைந்தது. கேவல்ரி வலப்பக்கக் கிராமத்தைப் பிடித்தது. முறையை முடித்தார். மொத்தம் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த முறை பிற்பகலில் மறுபடி தாக்காமல், எல்லோரையும் கிராமங்களுக்கும் கோட்டைக்கும் பின்வாங்கினார். அந்தியும் இரண்டு இரவும் அங்கேயே கழிந்தன. கிராமத்தில் நின்றவர்களுக்கு முறைக்கு 8 ஹெச்பி திரும்பியது. கடைக்காரர் வழக்கம்போல இரவில் நெருக்கினார், ஒரு ஸ்பியர்மேனைத் தவிர வேறு யாரையும் எடுக்க முடியவில்லை.

பதின்மூன்றாவது முறை, விடியல். மாணவர் கோட்டையை விட்டு வெளியே வந்தார். பதினைந்தாவது முறை பிற்பகலில் கடைக்காரரின் தலைவன் விழுந்தான். புள்ளிவிவரப் பக்கத்தைப் பார்த்தோம்: மாணவர் போட்ட சேதம் எதிர்பார்ப்பை விட 12 சதவீதம் குறைவு. மூன்று ஆட்டங்களில் லக் உண்மையிலேயே அவருக்கு எதிராக இருந்தது இந்த ஒன்றில்தான். இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை, திரும்பப் போய் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார்.

ஒரு வெற்றியை வைத்து இந்த வழிமுறை சரியென்று சொல்ல நான் தயாராக இல்லை. அதே ஆட்டத்தில் 12 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் குறைந்திருந்தால் தோற்றிருக்கலாம், அப்போதும் எட்டாவது முறையில் அவர் எடுத்த முடிவு சரியாகவே இருந்திருக்கும். அதனால் ரிப்ளே பார்க்கும்போது இப்போதெல்லாம் அடி விழும் முன் படத்தை நிறுத்தி, அந்த இடத்தில் முடிவு சரியா தப்பா என்று எல்லோரும் சொல்லிவிட்டு அப்புறம்தான் ஓட்டுகிறோம்.

மறுபடி செய்தால் எதை மாற்றுவேன்

ரீலோடுக்கு முழுத் தடை போட மாட்டேன். இப்போது மாணவர் வீட்டில் கடைப்பிடிப்பது வேறு விதி: அடி தவறினால் அந்த நிலையிலேயே மூன்று முறை ஆட வேண்டும், அதற்குப் பிறகு விருப்பமிருந்தால் ரீலோட் செய்யலாம். பெரும்பாலும் மூன்று முறை ஆடியதும் ரீலோட் செய்யும் எண்ணமே போய்விடுகிறது என்கிறார். இது அவரே கண்டுபிடித்தது.

புள்ளிவிவரப் பக்கத்தை முதல் தோல்வியிலேயே காட்டியிருக்க வேண்டும். ஏழு தோல்வி வரை ‘லக் இல்லை’ என்ற பேச்சை நாங்கள் எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தோம், ஏனென்றால் நாங்களும் தோற்கும்போது அதையேதான் சொல்கிறோம். நான் என் பழைய ஆட்டங்களைத் திறந்து பார்த்தேன். கடைக்காரரிடம் தோற்ற ஆறில் நான்கில் எனக்கு எதிர்பார்ப்பை விட அதிகமாகவே விழுந்திருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் குழுவுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை. பின்தங்கி இருக்கும்போது 40 சதவீதத் திட்டத்தை எடுக்கலாம் என்று கடைக்காரர் சொல்வதை மாணவர் ஏற்கவில்லை. எப்போதும் 60-க்குக் கீழே போக மாட்டேன் என்கிறார். அடுத்த ஞாயிறு அதற்காகவே ஓர் ஆட்டம் வைத்திருக்கிறோம். மாணவர் மூன்று கிராமம் குறைவாகத் தொடங்குவார். முறைக்கு நான்கு நிமிடம், நோட்டுக்கு ஒரு வரி.